எடைக்கு வாங்கிய சூரியன்

என் தங்கையின் கணவர், லாரியின் மேல் வந்து உட்கார்ந்த காக்கையைக்கூட "லோடு ஜாஸ்தி, இறங்கு" என்று இறக்கிவிட்டு எடை போட்டவர். அந்தக் காக்கை மறுபேச்சுப் பேசாமல் பக்கத்து மின்கம்பத்தில் போய் உட்கார்ந்து, எடைச் சீட்டு அச்சாகி வரும்வரை காத்திருந்து, பிறகு அதே லாரியில் ஏறிப் போயிற்று.

சரி, காக்கை கொஞ்சம் கூடுதல்தான். என் பேச்சில் எப்போதும் தாங்குகிற அளவுக்கு மேல் ஒரு கூடை ஏற்றியிருக்கும். என் பேத்திகள் கேட்கும்போதே கழித்துக்கொள்வார்கள். நீங்களும் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் கழித்த பிறகும் மிச்சம் நிற்பது இது: தன் சொந்த வீட்டுக்கு மதில் கட்டச் செங்கல் ஏற்றி வந்த லாரியையே எடை கூடுதல் என்று திருப்பி அனுப்பியவர் அவர். லாரிக்காரர் கோபித்துக்கொண்டு திரும்ப வரவில்லை. மதில் இடுப்பளவில் நின்றுபோனது. அந்த அரை மதிலின் மேல் என் தங்கை துணி காயப்போட்டாள். போடும்போதெல்லாம் சொல்லியும் காட்டினாள்.

கல்குவாரிச் சாலையில் இருக்கிறது அவருடைய எடைமேடை. தரையோடு தரையாக ஒரு நீளமான இரும்புத் தளம், அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, அறைக்குள் சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி, ஒரு மைக். காலையில் துடைத்த கண்ணாடி மத்தியானத்துக்குள் தூசியில் மங்கிவிடும். அவருடைய காது மடிப்புக்குள்ளும் அதே தூசிதான். லாரிக்காரர்கள் அவருக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தார்கள். "தராசு சொல்லிட்டாரா? அப்ப மறுபடி நிறுக்க வேணாம்" என்பார்கள். எனக்குத் தெரிந்து ஒரு மனிதர் சம்பாதித்த பட்டங்களில் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

மொத்த எடை சரியாக இருந்தாலும் சில லாரிகளை அவர் விடமாட்டார். பாரம் முழுதும் பின்னால் குவிந்திருந்தால் பின் சக்கர அச்சு தாங்காது. "முன்னாடி தள்ளு. அச்சுக்கு அச்சு பிரிச்சுப் போடு" என்று மைக்கில் சொல்வார். ஆட்கள் மண்வெட்டியோடு ஏறி ஜல்லியை முன்னால் தள்ளுவார்கள். மறுபடி எடை போட்டு, "சரி, போ" என்பார். இந்த 'அச்சுக்கு அச்சு' என்ற சொல்தான் பிற்பாடு வீட்டுக்குள் வந்து வினை செய்தது.

நாளெல்லாம் சாம்பல் நிறத்தையே பார்க்கிறவர், வீட்டுக்கு வந்தால் பச்சையைத் தேடுவார். பின்னறை ஜன்னலோரம் தக்காளி, குடைமிளகாய், புதினா என்று தொட்டி தொட்டியாக வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பியதும் அந்த ஜன்னலுக்கு வந்த வெயில் நின்றுபோனது. செடிகள் காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைகள்போல வெளுத்து, கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. அவர் வேலைக்குப் போகும் முன்பு அவற்றைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டுவார்.

அப்போதுதான் பழைய இரும்பு ஏற்றிய ஒரு லாரி எடைமேடையில் ஏறியது. மூடிப்போன ஒரு நாற்றுப்பண்ணையின் சாமான்கள். அதற்குள் பெரிய பெரிய விளக்குகள் கிடந்தன. ஒவ்வொன்றும் அகலமான தகரத் தொப்பி போட்டு, செங்கல் கனத்தில் ஒரு சோக் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தது.

"இது என்னப்பா?"

"செடிக்கு வெயில் காட்டுற லைட்டுண்ணே. வெயில் இல்லாத எடத்துல இதான் சூரியன்."

அவர் அங்கேயே ஐந்து விளக்குகளை எடைக்கு வாங்கினார். ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, எத்தனை கிராம் என்று கடைசிவரை அவருக்கு மனப்பாடம். எத்தனை வாட் என்று மட்டும் கேட்கவில்லை. சோக் பெட்டியின் முதுகிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு விளக்கு எரிவதற்கு, எட்டு மின்விசிறி ஒன்றாகச் சுற்றுகிற மின்சாரம் வேண்டும். எடைமேடைக்காரர் கண்ணுக்கு அந்த எழுத்து வெறும் பெயிண்ட்.

முதலில் நான்கு விளக்குகளை மாட்டினார். நான்கையும் பின்னறையின் ஒரே பிளக்கில் செருகக்கூடாது என்கிற புத்தி அவருக்கு இருந்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஒன்றைப் பின்னறையில் செருகினார். ஒன்றுக்கு நடையில் இருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்தார். ஒன்றுக்கு முன்னறையில் இருந்து இழுத்தார், அது எட்டாமல் போகவே அதன் வாலில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தார். நான்காவதற்கு, பக்கத்து அறையின் வெளிச்சுவரில் இருந்த பாயிண்டைப் பிடித்தார். கால் தடுக்காமல் இருக்க எல்லா ஒயரையும் பாய்க்கு அடியில் மறைத்தார்.

"வீடு பூரா இப்படி ஒயரை இழுத்துவெச்சிருக்கீங்களே, தாங்குமாங்க?" என்றாள் தங்கை.

"ஒரே பாயிண்ட்ல போட்டாத்தான் தாங்காது. நான் நாலு அச்சுக்கும் பிரிச்சுட்டேன். எந்த அச்சுலயும் ஓவர்லோடு கிடையாது."

"வீட்டுக்கு ஏதுங்க அச்சு?"

"உனக்குச் சொன்னா புரியாது."

அன்று முதல் அந்தப் பின்னறையில் எப்போதும் சாயங்காலமாக இருந்தது. மஞ்சளும் செம்மையுமாக ஒரு வெளிச்சம் ஜன்னல் வழியே வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரில் படியும். சோக் பெட்டிகள் நான்கும் வயிறு நிறைந்த மாடுகள்போல உறுமிக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டு அம்மாள் தங்கையிடம், "ஏன்க்கா, ஊருக்கெல்லாம் சூரியன் மேக்கால மறையுது, உங்களுக்கு மட்டும் பின்ரூம்ல மறையுதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். செடிகள் நிமிர்ந்தன. அவரும் நிமிர்ந்தார். வீட்டுப் பூனை சமையலறையை விட்டுவிட்டு நடையில் இருந்த பாய்க்குக் குடிபெயர்ந்தது. அதற்கு அந்தப் பாயின் மேல் திடீரென்று அத்தனை பிரியம் எப்படி வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

பிறகு கரண்ட் போக ஆரம்பித்தது. மீட்டர் பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம், பாதி வீடு அணைந்துவிடும். அவர் போய்ச் சுவிட்சைத் தூக்கிவிடுவார். சற்று நேரம் கழித்து மறுபடி 'டப்'. இதை 'ட்ரிப் ஆகுது' என்று சொல்வார்கள் அல்லவா, தங்கை விடவில்லை. அவர் வேலை முடிந்து வாசலில் கால் வைத்ததுமே, "அங்க இன்னைக்கு எத்தனை ட்ரிப்? இங்க நாலு" என்பாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. எங்கே எடை கூடியிருக்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். தன்னுடைய நான்கு அச்சும் சரி. அப்படியானால் தப்பு வேறொருவருடைய அச்சில்.

அந்த வேறொருவர் தையல்காரப் பெண். அதே வீட்டின் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தாள். தனியாள். அவளுக்கு அந்த அறைதான் வீடு, அதுவேதான் கடை. மோட்டார் வைத்த ஒரு தையல் மிஷின், ஒரு மேஜை, ஒரு இஸ்திரிப் பெட்டி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். அந்தத் தெருப் பிள்ளைகளின் தோள் அளவு எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. தாய்மார்கள் அளவு கொடுக்க வருவதும் துணி வாங்கிப் போவதும் தங்கை வீட்டுக் கேட்டு வழியாகத்தான்.

ஒரு மத்தியானம் அந்தக் கேட்டில் நாலைந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. அவர் விறுவிறுவென்று வெளியே வந்தார்.

"உன் இஸ்திரிப் பெட்டி எத்தனை வாட்டும்மா?"

"ஆயிரம் அண்ணே. வந்ததுலேர்ந்து இதே பெட்டிதான்."

"ஆயிரமா? அதானே பாத்தேன். உன் அச்சுலதான் ஓவர்லோடு. லோடை இறக்கு."

மைக்கில் பேசிப் பழகிய குரல். தெருமுனைவரை கேட்டிருக்கும். நின்றிருந்த பெண்களில் ஒருத்தி, பாதி விளையாட்டாக, "என்னண்ணே, கரண்ட்டு திருடுறாளா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தையல்காரப் பெண் கையில் இருந்த சட்டையை மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் இஸ்திரி போடுவதைக் குறைத்துக்கொண்டாள். கரண்ட் போவது குறையவில்லை. "பெட்டிக்குள்ள ஏதாவது கோளாறா இருக்கும் அண்ணே. கடைல குடுத்துப் பாக்கச் சொல்றேன். பெட்டி இல்லாத அன்னைக்கு கரண்ட்டு போகுதான்னு நீங்களும் பாத்துச் சொல்லுங்க" என்று அவளே ஒரு வழி சொன்னாள். நியாயமான எடை. எடைமேடையிலும் அப்படித்தான், சந்தேகம் வந்தால் காலி வண்டியை ஏற்றி நிறுத்துப் பார்ப்பார்கள்.

அவருக்கு வார விடுமுறை நாள். பெட்டியைக் கடையில் கொடுத்துவிட்டு அவள் நூல் வாங்கப் போய்விட்டாள். தங்கை என் வீட்டுக்கு வந்திருந்தாள். வீட்டில் அவரும் செடிகளும்தான். சாயங்காலம் தங்கை வீடு திரும்பியபோது தையல்காரப் பெண்ணும் வாசலில் வந்து நின்றாளாம்.

"அண்ணே, இன்னைக்குப் போச்சா?"

"போகல."

ஒரே சொல். தராசு சொன்ன எடை. அதை யார் மறுபடி நிறுப்பார்கள்? அவளே நம்பிவிட்டாள். மறுநாள் கடைக்காரர் பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தபோது, கோளாறு பெட்டியில் இல்லை, தன் பிழைப்பே அந்த வீட்டுக்குக் கனம் அதிகம் என்று முடிவுகட்டிக்கொண்டாள். அவளை அறிந்தவர் எவரும் இல்லாத வேறொரு தெருவில் அறை பார்த்தாள். தங்கை கணவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று என்னவோ விளக்குகளுக்கு நல்ல நாளாக இருந்திருக்கிறது, கரண்ட் போகவில்லை. கண்ட உண்மையைத்தான் அவர் சொன்னார். பாவம், மனிதர் மனதார நம்பித்தான் அந்தப் பெண்ணை அனுப்பினார்.

அவள் காலி செய்த அன்று நானும் அங்கே இருந்தேன். மிஷின், மேஜை, துணி மூட்டைகள் எல்லாம் மூன்று சக்கர வண்டியில் ஏறின. எல்லாவற்றுக்கும் மேலே இஸ்திரிப் பெட்டி, தன் ஒயரைத் தானே உடம்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அறை காலியானதும் அவர் உள்ளே போனார். ஐந்தாவது விளக்கு அதுவரை இடமில்லாமல் பரணில் கிடந்தது. அதை எடுத்து வந்து, கீழே கிடந்த நூல் துணுக்கைக்கூடக் கூட்டாமல், அவளுடைய பாயிண்டிலேயே செருகிவிட்டு வெளியே வந்தார். கையைத் தட்டிக்கொண்டு வண்டிக்காரருக்கு யோசனை சொன்னார்: "மிஷினை முன்னாடி தள்ளுப்பா. பின்னாடி கனமா இருக்கு."

அவள் சாவியைத் தங்கையிடம் நீட்டினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள். வண்டிக்காரர் கயிற்றைக் கடைசி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

'டப்.'

சத்தம் பெரிதில்லை. அதற்குப் பின்னால் வந்த அமைதிதான் பெரிது. அந்த வீட்டில் அத்தனை நாளாக ஒரு உறுமல் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் படிந்திருந்த சாயங்காலம் சட்டென்று வெறும் சுண்ணாம்பு ஆயிற்று.

தங்கை வண்டியை அண்ணாந்து பார்த்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"இஸ்திரிப் பெட்டி வண்டில இருக்கு."

விவரம் தெரியாத வண்டிக்காரர், "என்னண்ணே, எடை சரியா இருக்கா? கிளம்பலாமா?" என்றார்.

அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. எடை கூடிப்போன லாரியின் டிரைவர்கள் கண்ணாடி அறைக்கு வெளியே நிற்பார்களே, ஒரு காலை மாற்றி ஒரு காலில், அப்படி நின்றார். "அது வந்து..." என்றார்.

"வந்து?" என்றாள் தங்கை.

வரவில்லை. அவள் உள்ளே போனாள், நானும் பின்னால் போனேன். நடையில் இருந்த பாயை இழுத்தாள். பூனை கோபித்துக்கொண்டு எழுந்து போனது. அடியில் இருந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தோம். காய்ச்சல்காரர் நெற்றிபோலச் சுட்டது. சுவரில் இருந்த பிளக் பழுப்பேறி, தீய்ந்த வாடை அடித்தது. எடை கூடிய லாரி என்றால் டயரைத் தொட்டே சொல்லிவிடுகிற மனிதர், தன் வீட்டு ஒயரை ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை.

"பூனைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் தங்கை.

கேட்டருகே தையல்காரப் பெண் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். சண்டை போடுகிற குரல் இல்லை. "இஸ்திரி போட பயந்துக்கிட்டு நான் என்ன செஞ்சேன் தெரியுமா அண்ணே? துணில தண்ணி தெளிச்சு, மடிச்சு, மெத்தைக்கு அடில வெச்சு அது மேல படுத்துக்குவேன். புரண்டு படுத்தா கசங்கிடுமேன்னு புரளாம படுப்பேன். அப்பவும் சுருக்கம் இருக்குன்னு துணியைத் திருப்பிக் குடுத்தாங்க."

திருப்பிக் கொடுத்தவர்களில் இரண்டு பேர் அங்கேயே நின்றார்கள். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் உள்ளே போனார். எடைமேடையில் ஒரு முறை உண்டு. பாரம் கூடியிருந்தால் ஓரமாகப் போய் இறக்கிவிட முடியாது, மேடைக்கு எதிரிலேயே, எல்லாரும் பார்க்க இறக்க வேண்டும். முதல் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே தெருவில் வைத்தார். பிறகு இரண்டாவது. ஆறுவதற்குக்கூட விடவில்லை, தகரத் தொப்பி சுட்டு உள்ளங்கை சிவந்துபோயிற்று. எதிர்வீட்டு அம்மாள் பொறுக்கமாட்டாமல், "என்னண்ணே, கடை போடுறீங்களா?" என்று கேட்டாள்.

"ஓவர்லோடு" என்றார். "என்னுது."

அந்தக் குரல் எனக்கே பக்கத்தில் நின்றதால்தான் கேட்டது. ஐந்து விளக்குகளும் தெருவில் வரிசையாக நின்றன. பட்டப்பகலில் அவற்றைப் பார்க்கச் சூரியன் மாதிரியே இல்லை, கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி இருந்தன.

தங்கை யாரையும் கேட்காமல் வண்டியின் கயிற்றை அவிழ்த்தாள். துணி மூட்டையை இறக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். தையல்காரப் பெண் வண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"இருக்கேன்க்கா. ஆனா என்னைப் பத்தி இந்தக் கேட்டுல சொன்னதை, இதே கேட்டுல மாத்திச் சொல்லணும்."

சொன்னார். சீருடைக்கு வருகிற ஒவ்வொரு தாயிடமும், "தப்பு என் விளக்கு, அவ பெட்டி இல்ல" என்று கேட்டில் நின்று சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். பால்காரருக்குச் சொன்னபோது, எந்தப் பெட்டி, எந்த விளக்கு என்று ஒன்றும் புரியாமல், "பரவால்ல விடுங்க சார்" என்று அவர் தேற்றிவிட்டுப் போனார். செய்தி குவாரிச் சாலைக்கும் போயிற்று. "தராசண்ணே, வீட்டுல எத்தனை ட்ரிப்பு?" என்று டிரைவர்கள் கேட்டார்கள். அதற்கப்புறம் அவர் மைக்கில் அதட்டுவதில்லையாம். "கொஞ்சம் கூடியிருக்குப்பா, பாத்துக்க" என்று மட்டும் சொல்கிறாராம்.

பிற்பாடு வயர்மேன் வந்து பார்த்துச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். அந்த நான்கு பாயிண்டும், தையல்காரப் பெண்ணின் பாயிண்டும், சுவருக்குள் ஒரே ஒயரில் கோத்து, மீட்டர் பெட்டியில் ஒரே சின்னச் சுவிட்சில் போய் முடிந்தன. பார்க்க நான்கு அச்சு, உள்ளே ஒரே அச்சு. பதினாறு ஆம்பியர் தாங்கும் சுவிட்ச் அது. அதில் தொங்குகிற எல்லாவற்றின் வாட்டையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும், எந்த அறையில் செருகினோம் என்று பார்த்துப் பயனில்லை. மணிக்கணக்கில் எரிகிற விளக்கு என்றால் தாங்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாகவே விட்டுவிட வேண்டும். எக்ஸ்டென்ஷனின் வாலில் எக்ஸ்டென்ஷன் கூடாது. பாய்க்கு அடியில் ஒயர் கூடவே கூடாது. சுவிட்ச் விழுகிறதே என்று அதைத் திட்டக்கூடாது, அது விழாத வீட்டில்தான் தீப்பிடிக்கும்.

இப்போது பின்னறையில் இரண்டே விளக்குகள். அவற்றுக்கென்று மீட்டர் பெட்டியிலிருந்து தனியாகத் தடித்த ஒயரும் தனிச் சுவிட்சும் போட்டிருக்கிறார். இஸ்திரிப் பெட்டி அதன் பாட்டுக்குச் சுடுகிறது. குடைமிளகாய் ஒன்று பூசணிக்காய் பருமனுக்குக் காய்த்தது. அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் எழுதி, அவர்கள் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். தங்கை காக்கைக்குச் சிரித்தாள். தையல்காரப் பெண் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி கேட்டாள். மெத்தை வந்த இடத்தில் மட்டும் ஊசி நின்றது, பிறகு ஓடியது. அவர் கதவோரம் நாற்காலி போட்டு, கடைசி வரி வரைக்கும் கேட்டார். நான் தாளை மடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். என்னிடம்தான் சொன்னார், ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சட்டையை.

"அக்கா, ஒரு எடத்துல எடை தப்பு. பெட்டி கடைல இருந்த அன்னைக்கு கரண்ட் போகலைன்னு எழுதியிருக்கீங்க. போச்சு. மத்தியானம் ஒரு தடவை, அப்புறமும் ஒரு தடவை. வீட்டுல நான் மட்டும்தான் இருந்தேன். நானே தூக்கிவிட்டுட்டு, போகலைன்னு சொன்னேன்."